ஊசியிலும் ரிப்போர்ட்டிலும் ஆன்டிபாடி: புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாய் ஆழமாகக் கடித்துவிட்டது என்று மருத்துவமனைக்குப் போனால் அன்றைக்கே இரண்டு வகை ஊசி போடுவார்கள். ஒன்று தோள்பட்டையில். இன்னொன்று கடித்த இடத்திலேயே, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும். ஒரே நோய்க்கு எதற்கு இரண்டு ஊசி என்று கேட்பவர்கள் நிறைய. காயத்தில் குத்தும் ஊசி வலிக்கும் என்பதால், "கையில போட்டதே போதும்" என்று கிளம்பிவிடுபவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடும் காரியம். அந்த இரண்டாவது ஊசியில் இருப்பது ஆன்டிபாடி. பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள்.

நாய்க்கடி, பாம்புக்கடி, பிரசவம், டெங்கு ரிப்போர்ட், புற்றுநோய் மருந்து என்று ஆன்டிபாடி நம் வாழ்க்கையில் வந்துபோகும் இடங்கள் பல. எங்கே அந்தப் பெயரைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இது யாருடைய ஆன்டிபாடி? எதைப் பிடிப்பதற்கானது? எப்போது வந்தது, எத்தனை நாள் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மருத்துவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதல் படி: அது என்ன பொருள்?

ஆன்டிபாடி ஒரு புரதம். ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவம். மேலே இரண்டு கைகள், கீழே ஒரு தண்டு. கைகளின் நுனிதான் கிருமியையோ நஞ்சையோ பிடிக்கும் இடம். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் அந்த நுனியின் அமைப்பு வேறு. அதனால் டெட்டனஸ் நஞ்சைப் பிடிப்பது ரேபிஸ் வைரஸைப் பிடிக்காது. பிடித்தபின் நடப்பது இரண்டு விதம். சில நேரம் பிடித்ததே போதும்: நஞ்சோ வைரஸோ நம் செல்லில் ஒட்ட முடியாமல் போய்விடும். மற்ற நேரங்களில் தண்டுப் பகுதி வேலை செய்யும். அதைப் பார்த்து வெள்ளை அணுக்கள் வந்து, பிடிபட்டதை விழுங்கிவிடும்.

இதைத் தயாரிப்பவை பி செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள். உடம்பில் கோடிக்கணக்கான பி செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் கைநுனியின் அமைப்பு விதவிதமாக இருக்கிறது. மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து உடம்பு இந்த வகைகளை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி ஒன்று உள்ளே வந்ததும் அதற்குப் பொருந்தும் பி செல் பெருகும். பெருகியவற்றில் ஒரு பகுதி ஆன்டிபாடியை வெளியே கொட்டும். இன்னொரு பகுதி நினைவு செல்லாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். புதுக் கிருமி என்றால் ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். இந்த இடைவெளியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆன்டிபாடியில் ஐந்து வகை உண்டு. ஆரம்பத்தில் மூன்று தெரிந்தால் போதும். ஐஜிஎம் முதலில் வருவது. ஐந்து ஆன்டிபாடிகள் சேர்ந்த பெரிய கூட்டு, அதனால் பத்துக் கை. ஐஜிஜி கொஞ்சம் பிந்தி வந்து நெடுநாள் இருப்பது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது இது ஒன்றுதான். ஐஜிஏ குடல், மூக்கு, கண்ணீர், தாய்ப்பால் ஆகிய இடங்களில் இருப்பது.

ஆன்டிபாடி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் அடுத்த முறை ரத்த வகை பார்க்கும்போது அருகில் நின்று கவனியுங்கள். கண்ணாடித் தகட்டில் மூன்று இடத்தில் ரத்தச் சொட்டு வைப்பார்கள். ஒன்றின்மேல் நீல நிறத் திரவம், அது ஆன்டி-ஏ. அடுத்ததன்மேல் மஞ்சள், அது ஆன்டி-பி. மூன்றாவது நிறமில்லாதது, ஆன்டி-டி. குச்சியால் கலக்கித் தகட்டை லேசாக ஆட்டினால் சில விநாடிகளில் ஒரு சொட்டில் ரத்தம் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். இன்னொன்று கலங்காமல் ஒரே சீராக இருக்கும். திரிந்த இடத்தில் ஆன்டிபாடியின் கைகள் ஒரு சிவப்பணுவையும் பக்கத்துச் சிவப்பணுவையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. நீலத்தில் மட்டும் திரிந்தால் ஏ வகை. ஆன்டி-டியிலும் திரிந்தால் ஏ பாசிட்டிவ். இவ்வளவு எளிமையான சோதனைதான் ரத்தம் ஏற்றுவதையே பாதுகாப்பானதாக்கியது.

இரண்டாம் படி: சொந்தமா, இரவலா?

கட்டுரையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தடுப்பூசி போட்டால் அதில் ஆன்டிபாடி இருக்காது. பெரும்பாலும் கிருமியின் வலுவிழந்த அல்லது செயலிழந்த வடிவமோ ஒரு துண்டோ இருக்கும். அதைப் பார்த்து உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்துகொள்ளும். மெதுவாக வரும், நெடுநாள் நிலைக்கும், நினைவும் இருக்கும். இம்யூனோகுளோபுலின், சீரம், ஆன்டிவெனம் என்ற பெயர்களில் போடப்படுபவை வேறு. வேறொரு மனிதரோ குதிரையோ செய்த ஆன்டிபாடியை வாங்கி நமக்குள் செலுத்துகிறார்கள். போட்ட நிமிடத்திலிருந்து வேலை செய்யும். ஆனால் அவசரத்துக்கு வாங்கிய கைமாற்றுப் பணம் மாதிரி, வந்த வேகத்தில் கரையும். மனித ஐஜிஜி மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். குதிரையிடமிருந்து வந்தது அதைவிடச் சீக்கிரம் போய்விடும். உடம்பு அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது.

இந்த இரவல் முறையை 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசபுரோவும் காட்டினார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் தப்பித்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை சீரம் வந்தது இந்த வழியில்தான். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்குப் போனது.

நாய் கடித்தால்

ரேபிஸ் வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையை எட்டி நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே எல்லாமே அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

கடித்ததும் ஓடுகிற குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டுப் போட்டு மூடவும் வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி கிடைக்கும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. இதற்குத்தான் இரண்டு ஊசியும் தேவை. தடுப்பூசி போட்டாலும் உடம்பு சொந்த ஆன்டிபாடி செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பார்த்தோம். வைரஸ் அதுவரை சும்மா இருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். வைரஸ் இன்னும் காயத்தில்தான் இருக்கிறது என்பதால் ஆன்டிபாடியும் காயத்துக்குள்ளேயே போக வேண்டும். மனித இம்யூனோகுளோபுலின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையுடையது என்றால் 40 யூனிட். பல இடத்தில் கடி இருந்தால் சலைன் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் போடுவார்கள். விரல் நுனி, மூக்கு, உதடு போன்ற இடங்களில் நிறைய வலிக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். நரம்பு அதிகம் இருக்கும் இடங்கள் அவை, அங்கேதான் ஆபத்தும் அதிகம்.

முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இந்த இரவல் ஊசி போட மாட்டார்கள். அதற்குள் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும், இரவல் அதற்கு இடைஞ்சலாகும். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவரை மறுபடி நாய் கடித்தாலும் இது தேவையில்லை. நினைவு செல்கள் இருக்கின்றன, இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி வேகமாக ஏறிவிடும். அதனால் பழைய தடுப்பூசிச் சீட்டைத் தூக்கிப்போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். ஆய்வகத்திலேயே செய்யப்படும் ரேபிஸ் ஆன்டிபாடிகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. குதிரைப் புரதம் சேராது என்று பயப்படுபவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

பாம்பு கடித்தால்

இங்கே தடுப்பூசியே கிடையாது. இரவல் ஒன்றுதான் வழி. இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. அதற்கான விஷம் பெருமளவு வருவது நம் ஊரிலிருந்துதான். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பின்றி நின்ற இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் துணையோடு தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து வந்து மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு நாட்டின் விஷமுறிவு மருந்தே இவர்கள் கைத்திறமையை நம்பி இருக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏறியதும் ரத்தம் எடுத்து அதைப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் பெப்சின் என்ற நொதியால் தண்டுப் பகுதியை வெட்டிவிட்டு, விஷத்தைப் பிடிக்கும் கைகளை மட்டும் மருந்தாக்குகிறார்கள்.

கடிபட்டவரின் பக்கம் வருவோம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. மருத்துவமனையில் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் தொடாமல் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கண் இமை தொங்கினால், விழுங்க முடியாவிட்டால் நல்லபாம்போ கட்டுவிரியனோ. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடமோ வலியோ சரியாக இராது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்கல் என்று எழுந்தால் உடனே போங்கள்.

விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் மருந்து போடுவார்கள். பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்கும். குழந்தைக்கும் அதே அளவுதான், குறைக்க மாட்டார்கள். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை, மருந்து பிடிக்க வேண்டியது விஷத்தைத்தானே. ஒரு மில்லி மருந்து நல்லபாம்பு விஷத்தில் 0.6 மில்லிகிராமையும் கட்டுவிரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும் என்று கணக்கு.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே நரம்பு முனையைச் சிதைத்துவிட்ட கட்டுவிரியன் விஷத்தையோ, சிறுநீரகத்தில் நடந்துவிட்ட சேதத்தையோ அது திருப்பாது. அப்படியானவர்களுக்கு வென்டிலேட்டரோ டயாலிசிஸோ தேவைப்படலாம். இன்னொன்று, இந்த நான்கு பாம்புகளைத் தவிர்த்த மற்றவற்றுக்கு இந்த மருந்தை நம்ப முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் கூம்புமூக்கு விரியன் அப்படி ஒன்று.

குதிரைப் புரதம் என்பதால் மருந்து ஏறும்போதே உடம்பு தடிப்பது, மூச்சுத் திணறுவது, ரத்த அழுத்தம் இறங்குவது நடக்கலாம். அதற்காகத்தான் அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போடுகிறார்கள். வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு வந்தால் மறுபடி மருத்துவரிடம் போங்கள். நம் உடம்பு குதிரையின் ஆன்டிபாடிக்கு எதிராகத் தன் சொந்த ஆன்டிபாடியைச் செய்யத் தொடங்கியிருக்கும்.

கர்ப்பமும் பிரசவமும்

தாய் நெகட்டிவ் ரத்த வகை, குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கலாம். தாயின் உடம்பு அதற்கு எதிராக ஐஜிஜி செய்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் அது நஞ்சுக்கொடி தாண்டிப் போய்க் குழந்தையின் ரத்தத்தை அழிக்கும். இதைத் தடுக்க 28ஆம் வாரத்தில் ஒரு முறையும், பிரசவம் ஆகிக் குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்ததும் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள். தாயின் உடம்பு அந்த அணுக்களைக் கவனிப்பதற்கு முன்பே இரவல் ஆன்டிபாடி அவற்றை அப்புறப்படுத்திவிடும். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவை. பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தாய் ஏற்கெனவே சொந்த ஆன்டிபாடி செய்துவிட்டால் ஊசியால் பயனில்லை, அதனால்தான் கர்ப்பத்திலேயே கூம்ப்ஸ் சோதனை கேட்கிறார்கள். இந்த மருந்து தானமளித்த மனிதர்களின் ரத்தத்திலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2018 வரை 1,173 முறை தானம் கொடுத்தார்.

குழந்தை பிறந்ததும் முதலில் சுரக்கும் சீம்பால் ஐஜிஏ நிறைந்தது. சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்துவிட்டு இதைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் எங்கேயாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். தாயின் ஐஜிஜி மாதக்கணக்கில் குழந்தையிடம் இருக்கும். தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்தபின் போடுவதற்கு அதுதான் காரணம். முன்பே போட்டால் தாயின் ஆன்டிபாடி தடுப்பூசியையே பிடித்து வீணாக்கிவிடும்.

ரிப்போர்ட்டைப் படிக்க

முதலில் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்துவையுங்கள். அது இல்லாமல் ஆன்டிபாடி ரிப்போர்ட்டுக்குப் பொருளே இல்லை. டெங்குவில் முதல் நான்கைந்து நாள் என்எஸ்1 பார்க்க வேண்டும். அது வைரஸின் புரதம். ஐஜிஎம் ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்ததைக் காட்டி "டெங்கு இல்லை" என்று நிம்மதி அடையாதீர்கள். அதே போல ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் கூட நீடிக்கும். ஐஜிஜி காய்ச்சலின் ஆரம்பத்திலேயே நிறைய இருந்தால் முன்பே ஒருமுறை டெங்கு வந்திருக்கலாம். இரண்டாவது தடவை டெங்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம், அதனால் கூடுதல் கவனம் தேவை. வேறு வகை டெங்குவைச் சரியாக முறிக்க முடியாத பழைய ஆன்டிபாடி, அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையத் துணைபோய்விடுகிறது.

டைபாய்டுக்கு வைடால் என்ற ஆன்டிபாடி சோதனை இன்னும் நம் ஊரில் சர்வசாதாரணம். 1896இல் வந்த முறை. ஒரே ஒரு வைடால் ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய தொற்றும் தடுப்பூசியும் அதே எண்ணைக் காட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு 18 மாதத்துக்கு முன் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ் என்று வந்தால் அது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம். அந்த வயதில் வைரஸையே தேடும் பிசிஆர் சோதனைதான் பதில் சொல்லும்.

'மேப்' என்று முடியும் மருந்துகள்

ட்ராஸ்டுசுமேப், ரிட்டுக்சிமேப், அடலிமுமேப் போன்றவை ஒரே வகை பி செல்லைப் பெருக்கி, ஒரே இலக்கைப் பிடிக்கும்படி செய்யும் மோனோகுளோனல் ஆன்டிபாடி வழியில் வந்தவை. அதற்கு வழி கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், 1975இல். எலியின் பி செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லோடு இணைத்தார்கள். எலிப் புரதத்தை மனித உடம்பு நிராகரித்ததால், பிறகு கைநுனியைத் தவிர மற்றதை மனிதப் புரதமாக மாற்றும் வழிகள் வந்தன. வீட்டில் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் கோடு விழுவதும் இத்தகைய ஆன்டிபாடியால்தான்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இந்த மருந்தை எழுதினால் முதலில் இலக்கைக் கேளுங்கள். ட்ராஸ்டுசுமேப் எச்இஆர்2 என்ற புரதத்தைப் பிடிப்பது. மார்பகப் புற்றுநோயில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அது மிகுந்திருப்பதில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 3+ என்றிருந்தால் பாசிட்டிவ். 2+ என்றால் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்தியபின்தான் மருந்து.

அடுத்து, மறைந்திருக்கும் தொற்றுகள். அடலிமுமேப், இன்ஃப்ளிக்சிமேப் போன்றவை உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடலாம். ரிட்டுக்சிமேப் மஞ்சள்காமாலை பி வைரஸை எழுப்பலாம். அந்தச் சோதனைகளுக்கு ரிசல்ட் வராமல் முதல் டோஸ் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் முன்பு யாருக்காவது டிபி இருந்தது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். விலை அதிகம் என்றால் பயோசிமிலர், அதாவது அசலைப் போலவே வேறு நிறுவனம் செய்யும் மருந்து, பற்றிக் கேளுங்கள். ரிட்டுக்சிமேப்புக்கு 2007இலேயே இந்தியத் தயாரிப்பு வந்துவிட்டது. முதல் டோஸ் டிரிப்ஸில் மெதுவாக ஏறும். குளிர் நடுக்கமோ மூச்சு இறுக்கமோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இவை புரதம் என்பதால் மாத்திரையாக விழுங்க முடியாது, வயிறு செரித்துவிடும். வீட்டிலேயே தொடையில் போட்டுக்கொள்ளும் பேனா ஊசி தந்தால் 2 முதல் 8 டிகிரி வரை, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், ஒருமுறை உறைந்தால் கெட்டது கெட்டதுதான். மருந்துக் கடையிலிருந்து வரும்போது ஐஸ் பை நேராக மேலே படாமல் ஒரு துணி சுற்றிக் கொண்டுவாருங்கள், குலுக்காதீர்கள். போடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். திரவம் கலங்கியோ துகளோடோ இருந்தால் போடாமல் கடையில் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.